கன்னியம்மாள் வீட்டுப் புற்று

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கன்னியம்மாள் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கதவு வைத்த வீடு. நகை கேட்கவில்லை, பட்டுச் சேலை கேட்கவில்லை. சேரியில் அன்றைக்கு ஒரு குடிசைக்கும் கதவு கிடையாது. எல்லாம் பனையோலைப் படல்தான். இழுத்துச் சாத்தி, உள்ளிருந்து ஒரு கழியை முட்டுக் கொடுத்தால் தாழ்ப்பாள் போட்டதாக அர்த்தம். நாய் மூக்கால் தள்ளினாலும் விழுந்துவிடும். ஊர்க்காரன் எவனாவது வேலைக்குக் கூப்பிட வந்தால், உள்ளே யார் எந்தக் கோலத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் படலை ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் பேர் சொல்லிக் கத்துவான். வருகிறவன் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அப்படி ஒரு கதவு தனக்கு வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். இது பெரிய ஆசையா, நீங்களே சொல்லுங்கள்.

புருஷன் பாலையா புத்தூர் ரயில் பாதையைச் செப்பனிடும் கேங்கு கூலி. வெள்ளைக்காரன் சர்க்கார் சேரி ஜனங்களுக்கு வீட்டு மனை கொடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. கொடுத்த இடமோ, புத்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகிற சாலையோரம், ஊரையும் விட்டு, சேரியையும் விட்டுத் தள்ளிக் கிடந்த கரம்பு. கள்ளியும் தேளும்தான் அங்கே குடியிருந்தன. மாடுகூட மேயப் போகாது. ஊருக்கு வேண்டாத இடம் என்பதால்தான் அது சேரிக்குக் கிடைத்தது. மற்றவர்கள் எங்களுக்கு இந்தச் சீர் வேண்டாம் என்று பழைய குடிசையிலேயே இருந்துவிட்டார்கள். பாலையா மட்டும் போனான், அதுவும் பெண்டாட்டியின் நச்சரிப்புத் தாங்காமல்.

மனையின் ஓரத்தில் ஒரு பழைய கறையான் புற்று இருந்தது. பாம்பு இல்லை, ஒன்றும் இல்லை, வெயிலில் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. சுவர் வைக்கப் புற்று மண்ணுக்கு இணையான மண் கிடையாது என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கறையான் பொடிப்பொடியாகக் கவ்வி வந்து எச்சில் போட்டுக் குழைத்த மண் அது. மழைக்குக் கரையாது. தரைக்குப் போட்டு மெழுகினால் வழவழவென்று இருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் அதை வெட்டி, தண்ணீர் விட்டு, காலால் மிதித்துச் சுவர் எழுப்பினார்கள். மண்ணுக்கு மேலே இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். மண்ணுக்குக் கீழே இருந்ததைப் பற்றி அன்றைக்கு இரண்டு பேரும் நினைக்கவில்லை.

மூங்கில் கழி போட்டு ஓலை வேய்ந்தான் பாலையா. வேப்பமரத்தில் நிலை வைத்தான். இடிந்துபோன ஒரு சத்திரத்திலிருந்து பழைய கதவு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் கொஞ்சம் உளுத்திருந்தது, கீல் கிறீச்சிட்டது. இருந்தால் என்ன, கதவு கதவுதானே. மாட்டிய அன்று கன்னியம்மாள் வேலை வெட்டியை விட்டுவிட்டு அதைச் சாத்துவதும் திறப்பதுமாக இருந்தாள். பாலையாவை வெளியே நிறுத்தித் தட்டச் சொன்னாள். அவன் தட்டினான். "யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர்ப் பானை வைத்திருந்த மூலையில் சுவரோடு ஒட்டி ஒரு மண்கோடு ஏறியிருந்தது. கன்னியம்மாள் துடைப்பத்தால் தட்டினாள். கோடு உடைந்தது, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகள் முட்டி மோதி ஓடின. மறுநாள் பார்த்தால் கோடு ஒட்டப்பட்டு ஒரு சாண் கூட வளர்ந்திருந்தது. கறையானுக்கு வெளிச்சம் ஆகாது, காற்று ஆகாது. போகிற வழியெல்லாம் தலைக்கு மேல் மண்கூரை கட்டிக்கொண்டுதான் போகும். ஈரம் இருக்கிற இடத்தில் தொடங்கும், சுவரைப் பிடித்து ஏறும், மரத்தைத் தொட்டதும் உள்ளே புகுந்துவிடும். வெளித்தோலைத் தொடாது. மேலே பார்த்தால் மூங்கில் மூங்கிலாகவே இருக்கும். பாலையா ஒரு கழியை விரலால் அழுத்தினான், விரல் உள்ளே போய்விட்டது.

அவனுக்கு இந்தச் சனியன் புதிதல்ல. ரயில் பாதையில் சிலீப்பர் கட்டைகளை அது என்ன பாடு படுத்தும் என்று தினமும் பார்க்கிறவன். சாம்பல் கொட்டினான், உப்பைக் கரைத்து ஊற்றினான், கொதிக்கிற தண்ணீர் ஊற்றினான். எதற்கும் அது மசியவில்லை. அடியில், முழ ஆழத்திலோ அதற்கும் கீழேயோ, கையகல அறையில் தாய்க்கறையான் ஒன்று கிடக்கும். கட்டைவிரல் பருமனாய், வெள்ளை வெளேரென்று, நகரக்கூட முடியாமல் முட்டை போட்டுக்கொண்டே இருக்கும். அது இருக்கிறவரை மேலே எத்தனை செத்தாலும் கணக்கில் இல்லை. அதைத் தோண்டி எடுத்தால்தான் வீடு பிழைக்கும். பாலையா கேங்கு கடப்பாரையை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். அதற்குள் பானை மூலையில் முழங்கால் உயரத்துக்குப் புற்று எழும்பியிருந்தது.

கன்னியம்மாள் அந்தப் புற்றுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள்.

ஏன் வைத்தாள் என்றால், அதற்கு ஊர் நாகம்மா புற்றைச் சொல்ல வேண்டும். ஊருக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அது இருக்கிறது. தீபாவளி கழிந்து நாகுல சவிதி என்கிற நாக சதுர்த்தி வந்தால் ஊர்ப் பெண்கள் தலைக்குக் குளித்து, பாலும் முட்டையும் கொண்டுபோய் ஊற்றுவார்கள். பிள்ளை இல்லாதவர்களுக்கும், பிறந்து தங்காதவர்களுக்கும் அவள்தான் கதி. கன்னியம்மாளுக்கு இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. சேரிப் பெண்கள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். பால் செம்பை அங்கேயே வைத்துவிட்டுத் தள்ளிப் போக வேண்டும். ஊர்ப் பெண்களில் யாராவது மனசிருந்தால் எடுத்து ஊற்றுவார்கள். ஒரு வருஷம் கன்னியம்மாளின் செம்பை யாரும் எடுக்கவில்லை. வெயில் ஏறும்வரை நின்று பார்த்தாள். கடைசியில் ஒரு நாய் வந்து குடித்துவிட்டுப் போயிற்று. அந்த வயிற்றெரிச்சலை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பாலையா கடப்பாரையை ஓங்கியபோது அவள் புற்றுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நம்மள கிட்டவே சேக்காத எடத்துல இருந்து அவளே கௌம்பி நம்ம வூட்டாண்ட வந்துக்கிறா. அவ தலையில கடப்பாரய போடுவியாய்யா நீ?"

"அது கறையான்மே," என்றான் பாலையா. "வூட்டத் துன்னுட்டுத்தான் வுடும்."

துன்னட்டும், அம்மன் வீடுதானே என்றாள். அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். திருப்பதிப் பெருமாளே புற்றுக்குள்தான் இருந்தார், உனக்கு என்ன தெரியும் என்று அவள் அவன் வாயை அடைத்துவிட்டாள். அந்தச் சீமையில் அதற்கு மேல் ஒருத்தன் என்ன பேச முடியும். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பக் கொடுக்கப் போனான்.

அதற்குப் பிறகு வந்த கொஞ்ச காலம்தான் கன்னியம்மாள் வாழ்ந்த காலம். காலையில் எழுந்ததும் பால் ஊற்றுவாள், பால் இல்லாத நாளில் தண்ணீர். அந்த ஈரத்தில் கறையானுக்குக் கொண்டாட்டம். புற்று இடுப்பளவுக்கு வளர்ந்தது. அடுப்பை வெளியே மாற்றிக்கொண்டாள். சேரிப் பெண்கள் வந்து விழுந்து கும்பிட்டார்கள், தங்கள் கையாலேயே மஞ்சள் பூசினார்கள், ஒருத்தி சந்தோஷம் தாங்காமல் அழுதாள். நம்ம கையால, நம்ம கையால என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பாலையா மட்டும் மாதத்துக்கு ஒரு கழி மாற்றிக்கொண்டிருந்தான். சுவரில் காதை வைத்தால் உள்ளே சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும். அம்மா கொலுசு என்பாள் கன்னியம்மாள். "கொலுசு இல்லமே, பல்லு," என்பான் அவன். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

வாயை வைத்துக்கொண்டு அவள் சும்மா இருந்திருக்கக் கூடாதா? இருந்திருந்தால் என்ன, கூரை ஒருநாள் விழுந்திருக்கும், வேறு கூரை போட்டுக்கொண்டு கிடந்திருப்பார்கள். கன்னியம்மாள் ஊர் முன்சீப் முனிரத்தினத்தின் வீட்டில் மாட்டுக்கொட்டகை பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்த நாகுல சவிதிக்கு அவள் பால் செம்போடு வாய்க்காலண்டை போகவில்லை. முன்சீப் மனைவி வரலட்சுமி அதைக் கவனித்துவிட்டாள். மறுநாள் கொட்டகையில் வைத்து, இந்த வருஷம் ஏன் வரவில்லை, பால் கிடைக்கவில்லையா என்று கேட்டாள். பால் கிடைக்கவில்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அத்தனை வருஷம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்ற கால் அல்லவா? நாய் குடித்த பால் அல்லவா? கன்னியம்மாள் சாணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து சொன்னாள்.

"நான் ஏம்மா அங்க வரணும்? எங்க வூட்டுக்கே வந்துட்டா."

வரலட்சுமி முதலில் சிரித்தாள். பிறகு எவ்வளவு உயரம், பாம்பு உண்டா, புற்றுக்கண் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கன்னியம்மாள் எல்லாவற்றுக்கும் பூரித்துப்போய்ப் பதில் சொன்னாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறோம் என்று அந்தப் பைத்தியத்துக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு கூண்டு வண்டி கரம்பில் வந்து நின்றது. வரலட்சுமியும் இன்னும் சில பெண்களும் இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் சேரிக்காரி வீட்டு வாசலில் வந்து நிற்பது அந்த வட்டாரம் காணாத காட்சி. வரலட்சுமி வாசலில் நின்று கதவைத் தட்டினாள். ஆமாம், தட்டினாள். கன்னியம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கதவைத் திறந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? ஊரம்மா உள்ளே வரும்போது நாம் உள்ளே நிற்கலாமா என்று, யாரும் சொல்லாமலே, தானே வெளியில் வந்து கள்ளியோரம் ஒதுங்கி நின்றாள். அவர்கள் உள்ளே போய்ப் பால் ஊற்றிச் சூடம் காட்டினார்கள். அவள் வெளியிலிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முதல் தடவை அவளாக வெளியே வந்தாள். அடுத்த வெள்ளி அவர்கள் வரச் சொன்னார்கள். அதற்கடுத்து, விடிவதற்குள் சட்டி பானையை எடுத்து வெளியே வைத்துவிட்டுத் தரையை மெழுகிவிடு என்றார்கள். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. பிறகு கருவாட்டு வாசனை வருகிறது என்றார்கள். பிறகு புருஷன் பெண்டாட்டி படுக்கிற இடத்தில் அம்மன் எப்படி இருப்பாள் என்றார்கள். கறையான் சுவரேறுகிற மாதிரிதான் அவர்களும் வந்தார்கள், நாளுக்கு ஒரு சாண். தை பிறந்தபோது கன்னியம்மாளும் பாலையாவும் தங்கள் வீட்டுக்கு வெளியே, கள்ளியோரம் ஒரு கந்தல் சாக்கைக் கட்டிக்கொண்டு அதன் கீழே படுத்தார்கள்.

ஒருநாள் முன்சீப் முனிரத்தினமே வந்தார். கோபமாக வரவில்லை. கோபமாக வந்திருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் சிரித்த முகத்தோடு, பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக, அம்மவாரு உங்களைத் தேடி வந்திருக்கிறாள், உங்கள் வம்சமே புண்ணியம் செய்திருக்க வேண்டும், இனி இது அவள் இடம், உங்களுக்கு ஏரிக்கரையில் ஒரு குடிசை போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன் என்றார். பாலையா தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சர்க்கார் கொடுத்த மனை என்று மெல்ல இழுத்தான். சர்க்கார் மனுஷனுக்குக் கொடுத்ததுடா, சாமி வந்த பிறகு சர்க்கார் என்ன செய்யும் என்றார் முன்சீப். கன்னியம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"நாங்க காலால மெதிச்ச மண்ணு சாமி. கதவையாவது குட்து வுடுங்க, எடுத்துக்கினு போயிடறோம்."

கோயிலுக்குக் கதவு வேண்டாமா என்று கேட்டுவிட்டு அவர் வண்டியேறினார்.

சேரியில் யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. ஊர் நிலத்தில் இறங்காமல் அங்கே ஓர் அடுப்பும் எரியாது, எவன் கேட்பான்? நம்ம கையால என்று அழுதாளே ஒருத்தி, அவள்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். மாசியில் கோயில் வேலை தொடங்கியது. மண் சுமக்க ஆள் வேண்டும் என்றார்கள், பாலையாவையும் சேர்த்துச் சேரி ஆட்கள் போய்ச் சுமந்தார்கள். தன்னை வெளியே வைக்கிற மதிலுக்குத் தானே மண் குழைத்துக் கொடுத்தான் அந்த மனுஷன். கூரையை எடுத்துவிட்டுக் கற்பலகை போட்டார்கள், கறையான் தின்னக் கூடாதாம். உள்ளே கறையானுக்குப் பால், வெளியே கதவுக்கும் நிலைக்கும் கறையான் ஏறாமல் இருக்கத் தார். இதைப் பார்த்து ஒருவனுக்கும் சிரிப்பு வரவில்லை. சுற்றுமதிலுக்கு வெளியே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, சேரிக்காரர்கள் அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்று கும்பிடலாம் என்றார்கள்.

கோயில் திறப்பதற்கு முந்தின சாயங்காலம் பாலையா வேலையிலிருந்து நேராக வரவில்லை. கேங்கு கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு சாலையில் வேகமாகப் போகிறான் என்று யாரோ வந்து சொன்னார்கள். கன்னியம்மாள் தலைமுடி அவிழ ஓடினாள். சுண்ணாம்புக் கோட்டண்டை அவனைப் பிடித்துவிட்டாள். காலைக் கட்டிக்கொண்டாள்.

"வேணாய்யா. சேரியவே கொளுத்திடுவானுங்க."

"அன்னிக்கே இடிக்க வுட்டிருந்தா வூடு நம்மள்து," என்றான் அவன். அதற்கு முன்னும் பின்னும் அவளை அவன் குற்றம் சொன்னது கிடையாது. அந்த ஒரு வார்த்தைதான். கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு அவளோடு திரும்பி நடந்தான். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஊர்க்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஏரிக்கரையில் கொசுவுக்குப் பஞ்சமில்லை. பாலையாவுக்கு அந்த மழைக்காலத்திலேயே குளிர்க்காய்ச்சல் கண்டது. போட்டிருந்த சாக்கையெல்லாம் மீறி உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி கேட்டு ஊருக்குள் போனாள் கன்னியம்மாள். கடப்பாரை எடுத்தவனுக்கு வண்டி கொடுத்தால் அம்மன் எங்களை விடமாட்டாள் என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். வரலட்சுமியிடம்கூடப் போனாள். அவள் திருநீறு மட்டும் தூக்கிப்போட்டாள். பாலையா ஏரிக்கரையிலேயே போய்ச் சேர்ந்தான்.

அதன் பிறகும் கன்னியம்மாள் இருந்தாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. கோயிலுக்கு முன்னால் சாலையைப் பெருக்க ஓர் ஆள் வேண்டும் என்று முன்சீப் சொன்னார், அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் பெருக்குவாள். நிமிர்ந்தால் எதிரே அவள் கதவு, தார் பூசிக் கறுத்து, மாவிலைத் தோரணத்தோடு நிற்கும். முதல் வருஷங்களில் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு பார்க்கவே பழகிவிட்டது.

கோயிலுக்குக் கூட்டம் கூடிக்கொண்டே போயிற்று. புரட்டாசியில் அரக்கோணம் பக்கத்திலிருந்தும் ஆரணிப் பக்கத்திலிருந்தும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு கால்நடையாகத் திருப்பதி போகிற ஜனங்கள், போகிற வழியில் புற்றம்மாவையும் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றார்கள். அப்படி ஒரு புரட்டாசிக் காலை, மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி கும்பிட்டுவிட்டு வந்து சாலையோரப் புளியமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அரக்கோணத்துக்காரி. நல்ல மனசு உள்ளவள், கையிலிருந்த பொரியில் ஒரு கை அள்ளிப் பெருக்கிக்கொண்டிருந்த கிழவியின் முந்தானையில் போட்டாள். இந்த அம்மன் கதை உனக்குத் தெரியுமா என்று ஆசையாகக் கேட்டாள். கன்னியம்மாள் பொரியை முந்தானையில் முடிந்துகொண்டாள். வந்தவளுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது, சொல்லிக்கொண்டே போனாள்.

முன்சீப் வீட்டுப் பசு ஒன்று தினமும் மடி வற்றி வந்ததாம். பின்னாலேயே போய்ப் பார்த்தால், இந்தக் கரம்பில் மேய வந்த பசு ஒரு புற்றின் மேல் தானாகப் பால் சொரிந்துகொண்டு நின்றதாம். அன்று ராத்திரியே முன்சீப் கனவில் அம்மன் வந்து எனக்கு ஒரு வீடு கட்டு என்றாளாம். கோயில் எழும்புகிற நேரத்தில் சேரிக்காரன் ஒருவன் வயிற்றெரிச்சலில் கடப்பாரையால் புற்றை இடித்துவிட்டானாம். புற்றிலிருந்து ரத்தம் பீறிட்டதாம். இடித்தவன் அந்த மழைக்காலத்திலேயே ரத்தம் கக்கிச் செத்தானாம்.

"அவனாவது பரவால்ல, ஆம்பள, புத்தி இல்ல," என்றாள் மஞ்சள் சேலைக்காரி. "தூண்டி வுட்டதே அவன் பொண்டாட்டியாம். புள்ள தங்காதவளாம், அந்தப் பொறாமதான்."

கன்னியம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். பாலையா இடிக்கவில்லை என்று சொல்லலாம். இரண்டு தடவையும் கடப்பாரைக்கு முன்னால் விழுந்தது தான்தான் என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை எல்லாம் வந்தது. அவள் கேட்டது வேறு.

"அந்தக் கதையில வூடு ஒண்ணு வரலியாம்மா? இதே எடத்துல, கதவு போட்டு ஒரு வூடு இருந்துச்சே?"

மஞ்சள் சேலைக்காரி பொரியை மென்றுகொண்டே யோசித்தாள்.

"வூடா? ஏது வூடு? வெறும் பொட்டக்காடும்மா இது. பூசாரியே சொன்னாரு."